நீ ஏறாமல் வைத்த மேல்மாடிகள்

அக்கா,

இன்று காலை உன் மழைக்கோட்டைப் போட்டேன். ஆசைப்பட்டுப் போடவில்லை. விடியும்போதே மழை பிடித்து, ஜிந்துப்பிட்டிச் சந்துக்குள் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. ஃபோல்ஸ் அடித்து முடித்த பன்னிரண்டு சாரிகளை வெள்ளவத்தைக் கடையில் கொடுக்க வேண்டும். குடைக்கம்பி போன கிழமையே ஒடிந்துவிட்டது. "கொடியில தொங்குறதப் போட்டுக்கிட்டுப் போ. கோட்டு நனையத்தானே இருக்கு" என்று அம்மா சொன்னார், என் பக்கம் பார்க்காமல். அது வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அதைத் தொட அவர் யாரையும் விட்டதில்லை.

அதற்குள் இன்னும் உன் மணம் இருந்தது என்று எழுத எனக்கு ஆசைதான். ஆனால் இல்லை. ஈரமான கம்பளி மணமும், ஏதோ காய்ந்த புல்லின் மணமும்தான் இருந்தன. அது அந்த நாட்டின் மணமாக இருக்கலாம். எனக்கு எப்படித் தெரியும்?

பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு, டிக்கெட்டை வைக்க உள்பையில் கை விட்டேன். மடித்த தாள் ஒன்று தட்டுப்பட்டது. ஒரு கோட்டையின் வரைபடம். வாசலில் எல்லோருக்கும் கொடுப்பார்களே, அது. அதில் நீ நீலப் பேனாவால் தமிழில் எழுதி வைத்திருந்தாய். சரிவான பாதைகளில் "தள்ளலாம்". படிக்கட்டுகளில் "ஏலாது". ஏழு இடங்களில் சின்னச் சின்னச் சிலுவைக் குறி போட்டு, ஒவ்வொன்றின் பக்கத்திலும் "வாங்கு", ஆட்கள் உட்காரப் போட்டிருக்கிற நீளப் பலகை. ஒரு மூலையில் இருந்த வட்டக் கோபுரத்தின் மேல் மட்டும் கொஞ்சம் பெரிய எழுத்தில்: "மேல, தங்கச்சிக்கு".

வெள்ளவத்தை வந்தது எனக்குத் தெரியவில்லை.

நீ அங்கே வேலைக்குப் போயிருந்த மூன்று வருஷத்தில்தான் எனக்கு அந்த நாட்டைப் பற்றி ஏதாவது தெரிய வந்தது என்று சொல்லலாம். தெரிந்ததெல்லாம் புதன்கிழமைகளில் தெரிந்ததுதான். வயதான ஒரு வெள்ளைக்காரப் பெண்ணைப் பார்த்துக்கொள்வது உன் வேலை. குளிப்பாட்டுவாய், உடுப்பு மாற்றுவாய், சாப்பாடு கொடுப்பாய். புதன்கிழமை அவரைச் சக்கர நாற்காலியில் வைத்து வெளியே கொண்டுபோவாய். நாங்கள் வீட்டில் அவரைத் துரைசாணி என்றோம். துரைசாணிக்குக் கடைத்தெருவும் பிடிக்காது, கடற்கரையும் பிடிக்காது. ஊருக்கு வெளியே வயல்களுக்கு நடுவில் நிற்கிற பழைய மாளிகைகளும், இடிந்த கோட்டைகளும்தான் பிடிக்கும். நாற்காலியைத் தள்ளுகிறவருக்கு டிக்கெட் இல்லை. சட்டையில் ஒட்டிக்கொள்ள ஒரு வட்டத் தாள் மட்டும் கொடுப்பார்கள். அதை ஒட்டிக்கொண்டு, அங்கே மத்தியானமும் இங்கே விளக்கு வைக்கிற நேரமுமாக இருக்கும்போது, நீ போனில் வருவாய்.

முதல் தடவை நினைவிருக்கிறதா? அம்மா போனைக் கிட்டத்தில் பிடித்து, உன் முகத்தை விட்டுவிட்டு உன் காலைத் தேடினார்.

"செருப்பக் கழட்டினியாடி?"

"கழட்டத் தேவையில்லம்மா. எல்லாரும் செருப்போடதான் போறாங்க."

"இவ்ளோ பெரிய வீட்டுக்குள்ளயா? தோட்டத்துல நாங்க பங்களா வாசல்லகூட செருப்போட நின்னதில்ல. துரைசாணி ஏசமாட்டாளா?"

"துரைசாணியத்தான்மா தள்ளிக்கிட்டுப் போறேன்!"

அம்மா சிரித்தார். சத்தம் போட்டுச் சிரித்தார். ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்து வளர்ந்தவருக்கு அது எவ்வளவு பெரிய பகிடி என்று அன்றைக்கு எனக்குப் பாதிதான் புரிந்தது. இன்னொரு நாள் ஒரு சாப்பாட்டறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த சின்ன மரப்பெட்டியைக் காட்டினாய். "இங்க பாருங்கம்மா, தேயிலைக்குப் பூட்டு! சாவிய வீட்டுக்காரம்மா இடுப்புல சொருகி வச்சிருப்பாங்களாம்." அம்மா கொஞ்ச நேரம் பார்த்தார். "நாங்க பறிச்சோம். எங்களுக்குத் தூசியக் குடுத்தாங்க. நல்லத இப்பிடிப் பூட்டி வச்சிக்கிட்டாங்களாக்கும்" என்றார். கோபமாக இல்லை. தொலைந்த சாமான் எங்கே போனது என்று தெரிந்துகொண்டவர் போலச் சொன்னார்.

நீ காட்டியதில் எனக்குப் பிடித்தது கதிரைகள். அந்த வீடுகளில் பழைய பட்டுக் கதிரைகளில் உட்காரக்கூடாது. ஆனால் உட்காராதே என்று எழுதி வைப்பதில்லை. காய்ந்த முட்பூ ஒன்றை நடுவில் வைத்துவிடுவார்கள். "பாத்தியா, வாயத் தொறக்காமலே சொல்லிர்றாங்க. ஒன்ன மாதிரி ஆளுங்க" என்றாய்.

என் வாயைப் பற்றி உனக்கு எப்போதும் ஒரு பேச்சு இருந்தது. பத்தாம் வகுப்பில் ஆங்கிலப் பாடத்தை எழுந்து நின்று வாசிக்கச் சொன்னபோது நான் வாசிக்காமலே நின்றேன். பாடம் முடியும் வரை நின்றேன். அம்மாவின் கண்ணுக்கு ஊசித்துளை தெரியாமல் போனது அந்த வருஷம்தான். சாரியின் கீழ் ஓரத்தில் உள்பக்கமாகத் துணி வைத்துத் தைப்பதற்குப் பெரிய படிப்பு வேண்டாம்; யாரோடும் கதைக்கவும் வேண்டாம். நான் பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் விட்டேன். உனக்கு அது மனம் ஆறவே இல்லை. "வேணாம்னு சொல்லத் தெரியாதா? ஒனக்கு வாய் இருக்குடி. நீதான் அத யாருக்கோ வாடகைக்கு விட்டுட்டே" என்றாய். பகிடியாகத்தான் சொன்னாய். ஆனால் உண்மை என்னவென்றால், பள்ளிக்கூடம் நின்றதில் எனக்கு நிம்மதி. அதை உன்னிடம் சொன்னதில்லை.

அப்படிப்பட்ட நான்தான் ஒரு புதன்கிழமை நானாகவே கேட்டேன். "மேல என்னக்கா இருக்கு?"

நீ ஒரு மாடிப்படியின் கீழ் நின்றுகொண்டிருந்தாய். சிவப்புக் கம்பளம் மேலே ஏறிப் போய், வளைந்து, மறைந்தது.

"மேலயா? எனக்குத் தெரியாதே. நாற்காலி மேல போகாது. துரைசாணியத் தனியாக் கீழ விட்டுட்டு நான் மட்டும் போக ஏலுமா?" என்றாய். பிறகு முகத்தைப் போனுக்குக் கிட்டக் கொண்டுவந்தாய். "சரி, இப்பிடி வச்சுக்குவோம். கீழ எல்லாம் எனக்கு. மேல எல்லாம் ஒனக்கு. நீ வந்தப்புறம் ரெண்டு பேரும் ஏறுவோம். அதுவரைக்கும் நானும் பாக்கமாட்டேன். சத்தியம்."

அதன் பிறகு எந்த வீட்டுக்குப் போனாலும் அதன் மாடிப்படியைக் கீழே நின்று காட்டுவாய். "கொப்பிய எடு. எழுதிக்க." பள்ளிக்கூடக் கொப்பியில் மிச்சமிருந்த பக்கங்களில் எழுதினேன். தேக்குப் போன்ற கறுப்பு மரத்தில் செய்த படி. கல்லில் நடுப்பகுதி குழிந்து தேய்ந்த படி. வேலைக்காரர் மட்டும் ஏறுகிற, சுவருக்குள் ஒளிந்த ஒடுங்கிய படி. ஒரு தடவை வெட்டவெளியில் பெரிய பெரிய கற்கள் வட்டமாக நிற்கிற இடத்துக்குப் போனாய். ஆட்டுக்கூட்டம் கற்களில் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தது. "இங்க மாடி இல்ல. அதனால இதுல ஒனக்குப் பங்கு இல்ல, போ" என்றாய். இருபத்துமூன்று மாடிப்படிகள் அந்தக் கொப்பியில் இருக்கின்றன.

எல்லா இடங்களிலும் நீ பலகைகளை வாசிப்பாய். எந்த ராஜா கட்டினார், எந்தச் சண்டையில் மதில் விழுந்தது, எல்லாவற்றையும் நின்று நிதானமாகத் தமிழில் சொல்லுவாய். சில நாட்களில் ஒரே பலகையை இரண்டு தரம் வாசிப்பாய். உனக்கு அந்த வீடுகளில் அவ்வளவு ஆசை என்று நினைத்தேன்.

அக்கா, இதை நான் நினைத்திருக்கவே கூடாது. வேறு யாரும் நினைக்கலாம். நான் கூடாது.

பத்து வயதில் உனக்கு மூட்டுக் காய்ச்சல் வந்தது. அது உன் நெஞ்சுக்குள் எதையோ கடித்துவிட்டுப் போனது. அதிலிருந்து மாதத்துக்கு ஒரு தடவை ஆஸ்பத்திரியில் ஊசி. நான் நடக்கப் பழகி, பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகும் அந்த ஊசி நிற்கவில்லை. அம்மாவுக்குத் தையல் வேலை இருந்ததால் உனக்குத் துணைக்கு நான் வருவேன். கிளினிக் இரண்டாம் மாடியில். பாதிப் படியில், திரும்புகிற இடத்தில், ஒரு விளம்பரப் பலகை இருந்தது. டெங்கு நுளம்பு, தாய்ப்பால், காணாமல்போன யாரோ ஒருவரின் படம். "இரு, இதப் படிச்சிட்டுப் போவோம்" என்பாய். மேலே போகிற வரிசை எங்களைத் தாண்டிப் போகும். நீ டெங்கு நுளம்பைப் பார்த்துக்கொண்டே மூச்சு வாங்குவாய். வெளியே தெரியாத மூச்சு அது. உள்ளே ஏதோ ஈரத் துணியைக் கிழிப்பது போல ஒரு சின்னச் சத்தம். பக்கத்தில் நின்று கையைப் பிடித்திருந்தால்தான் கேட்கும். அம்மாவுக்குக்கூட அந்தச் சத்தம் தெரியாது. எனக்குத் தெரியும்.

நீ வெளிநாடு போக முன்பு சோதித்தவர்கள் சளியை மட்டும்தான் சோதித்தார்கள். "அங்க ஊசி போடுறியா?" என்று அம்மா கேட்கும்போதெல்லாம் "போடுறேன்மா, போடுறேன்" என்றாய். நாங்கள் நம்பினோம்.

போன வருஷம் என்னை இரண்டு கிழமைக்குக் கூப்பிட்டாய். சும்மா பார்த்துவிட்டுப் போக. லீவு கேட்டு வைத்தாய். முதல் நாள் எந்தக் கோட்டை, இரண்டாம் நாள் எந்த வீடு என்று சொன்னாய். "இவ என் கூடப்பிறந்த தங்கச்சி, என்னோட தங்குவா, திரும்பிப் போவா" என்று ஆங்கிலத்தில் கடிதம் எழுதி, கையொப்பம் வைத்து அனுப்பினாய். அந்தக் கடிதத்தை நான் தலையணைக்கு அடியில் வைத்துப் படுத்தேன். என் பெயர் அதில் மூன்று இடத்தில் இருந்தது.

விசாத் தாள்கள் நிரப்ப வெள்ளவத்தையில் ஒருவரிடம் போனோம். ஒரு கடைக்கு மேலே அவருடைய அறை. ஃபேன் மட்டும் சத்தமாகச் சுற்றியது. உன் கடிதத்தை வாசித்துவிட்டு அவர் அதை இரண்டு விரலால் மேசைக்கு இந்தப் பக்கம் தள்ளினார்.

"இதை மட்டும் ஒருத்தருக்கும் காட்டிப்போடாதேங்கோ. அக்கா அங்க வேலை செய்யிறா எண்டு போட்டா, இவவும் போய் நிண்டிடுவா எண்டுதான் நினைப்பாங்கள். அங்க ஒரு சொந்தமும் இல்லை எண்டு போடுவம். கோட்டை பாக்கப் போறன், பழைய வீடுகள் பாக்கப் போறன், அவ்வளவுதான். டூரிஸ்ட்."

"ஐயா, அதுனால வில்லங்கம் ஒன்னும் வராதுங்களா?" என்று அம்மா கேட்டார்.

"எத்தினை பேருக்குச் செய்து குடுத்திருக்கிறன் அம்மா. பயப்பிடாதேங்கோ." பிறகு என்னைப் பார்த்தார். "எங்க பிள்ளை, ஒண்டு ரெண்டு கோட்டையின்ர பேர் சொல்லும் பாப்பம்."

நான் கொப்பியைத் திறந்தேன். ஒன்று இரண்டு இல்லை, எல்லாவற்றையும் வாசித்தேன். எந்த வீட்டின் படி கல், எந்த வீட்டின் படி மரம், எந்தக் கோட்டையைச் சுற்றி அகழி, அந்த அகழியில் வாத்து. என் வாழ்க்கையில் ஒரு அந்நியர் முன் அவ்வளவு நேரம் கதைத்தது அன்றைக்குத்தான். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

"அட, இந்தப் பிள்ளைக்குக் கிடைக்காட்டி வேற ஆருக்குக் கிடைக்கும்!"

அம்மா என்னைப் பெருமையாகப் பார்த்தார். நானும், அக்கா, எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. நான் வாசித்த ஒவ்வொரு வரியும் உண்மை. அதையெல்லாம் எனக்குக் காட்டியவள் என்று ஒருத்தி அங்கே இல்லை என்பது மட்டும்தான் பொய். வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரு நிமிஷம் இருந்தது. உன் கடிதத்தை மடித்துக் கைப்பைக்குள் வைத்தேன்.

இன்னொரு நிமிஷமும் கிடைத்தது. விரல் அடையாளம் எடுக்கிற இடத்தில், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் நல்லவிதமாகச் சிரித்து, சிங்களத்தில் கேட்டாள்: இன்னும் ஏதாவது கடிதம் வைத்திருக்கிறீர்களா? என் கை பையின் மேல்தான் இருந்தது. ஜிப்பைத் திறந்தால் போதும். "நே" என்றேன், இல்லை என்று.

அன்று பின்னேரம் நீ போன் எடுத்தாய். "என் கடிதாசியக் குடுத்தியா?"

"குடுத்தேன்."

"அதுதான் முக்கியம்டி. அது இருந்தா ஒன்னும் சொல்லமாட்டாங்க" என்றாய். உன் குரலில் இருந்த சந்தோஷம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

மூன்று கிழமையில் பதில் வந்தது. ஒன்றரைப் பக்கம். அதில் எனக்கு வாசிக்கத் தெரிந்தது என் பெயரும் வீட்டு இலக்கமும்தான். ஆகவே என்ன செய்தேன்? படம் பிடித்து உனக்கே அனுப்பினேன். வாசித்துச் சொல்ல எங்களுக்கு உன்னைவிட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?

நீ உடனே எடுத்தாய். வரி வரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டே போனாய். "'எங்கள் நாட்டில் உங்களுக்கு உறவினர் எவரும் இல்லையென்று கூறியுள்ளீர்கள். ஆனால் எங்களிடமுள்ள...'" அங்கே நின்றாய். நீ போகும்போது உன் தாள்களில் அம்மாவின் பெயரையும் நம் வீட்டு விலாசத்தையும் சரியாக எழுதியிருந்தாய். என் தாளிலும் அதே அம்மா, அதே விலாசம். உண்மையை எழுதிய உன் தாளை வைத்துத்தான் என் பொய்யைக் கண்டுபிடித்திருந்தார்கள். ஏமாற்றப் பார்த்தபடியால் பத்து வருஷத்துக்கு அந்த நாட்டுக்குள் வர முடியாது என்பது கடைசி வரி. அதையும் வாசித்தாய். பின்னால் எங்கோ துரைசாணி உன்னைக் கூப்பிடுகிற மணிச் சத்தம் கேட்டது.

"குடுத்தேன்னு சொன்னியேடி" என்றாய்.

அவ்வளவுதான். ஏசவில்லை. ஏசியிருந்தால் அழுதிருப்பேன், அழுதால் சொல்லியிருப்பேன். நான் போனை வைத்துவிட்டேன்.

அதன் பிறகு உன்னோடு ஒரு வார்த்தையும் கதைக்கவில்லை. நீ எடுக்கும்போது அம்மாவிடம் போனைக் கொடுத்துவிட்டுச் சாரியைத் தூக்கி மடியில் போட்டுக்கொள்வேன். "அவ ஃபோல்ஸ் அடிக்கிறாடி" என்பார் அம்மா. "ஏய் ஊமைக்கோட்டான்! என்னோட கோவமா?" என்று நீ போனுக்குள்ளிருந்து கத்துவாய். எனக்கு எப்படிக் கோபம் வரும்? வெட்கம் அக்கா. நான் செய்ததற்கு உன்னிடம் என்ன சொல்வதென்று தெரியாத வெட்கம். நாளைக்குச் சொல்லலாம், அடுத்த புதன் சொல்லலாம் என்று தள்ளிப் போட்டேன். ஒன்பது புதன்கிழமைகள் போயின.

பத்தாவது புதன்கிழமை நீ அம்மாவுக்கு எடுக்கவில்லை. என் போனுக்கு ஒரு வீடியோ அனுப்பினாய். திறக்காமல் பார்த்தால் ஒரு இருட்டுக் கல்சுவர் மட்டும் தெரிந்தது. கீழே இரண்டு சொல்: "கொப்பிய எடு". நான் எடுக்கவில்லை. வீடியோவையும் திறக்கவில்லை. உன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இருக்கவில்லை.

அதற்கு ஒன்பதாம் நாள் மத்தியானம் அம்மாவின் போன் அடித்தது. தெரியாத இலக்கம். சிங்களக் குரல். அம்மாவின் சிங்களம் கடைச் சாமான் வாங்க மட்டும் போதும். போனை என்னிடம் நீட்டினார். உன்னோடு வேலை செய்கிற, குருநாகல் பக்கத்துப் பெண் அவள். "நங்கி, லங்க கவுருஹரி இன்னவாத?" என்று கேட்டாள். தங்கச்சி, பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று. அம்மா இருக்கிறார் என்றேன். பிறகு சொன்னாள். காலையில் நீ எழும்பவில்லை என்று. நெஞ்சு என்று.

"என்னாடி சொல்றா? என்னாடி சொல்றா?" என்று அம்மா என் தோளைப் பிடித்து உலுக்கினார். அந்த வீட்டில் அன்றைக்குத் தமிழில் அதைச் சொல்ல என்னைத் தவிர ஆள் இல்லை. சொன்னேன். வாடகைக்கு விட்ட வாய் அன்றைக்கு எனக்குத் திரும்பி வந்தது.

உன்னை எரித்ததைப் போனில் பார்த்தோம். அம்மாவுக்கு மருதானையைத் தாண்டித் தனியாகப் போய்ப் பழக்கமில்லை. கூட்டிப்போக வேண்டியவளுக்குப் பத்து வருஷத் தடை. தை மாதம் அந்தக் குருநாகல் அக்கா லீவில் வந்தபோது உன் சாம்பலையும் ஒரு பையையும் தன் சாமானோடு கொண்டுவந்தாள். சாம்பலை முகத்துவாரத்தில் கடலில் விட்டோம். பைக்குள் இரண்டு சட்டை, சுவாமிப் படம், இந்தக் கோட்டு. கோட்டின் நெஞ்சில் ஒரு வட்டத் தாள் பாதி உரிந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

அம்மா என்னை ஒன்றும் சொல்வதில்லை. எப்போதாவது சோறு கிண்டிக்கொண்டிருக்கும்போது "அந்தக் கடிதாசியக் குடுத்திருந்தா..." என்று தொடங்குவார். மிச்சத்தைச் சொல்லமாட்டார். நீ உட்காருகிற பிளாஸ்டிக் கதிரையில் நான் நூல்கட்டைகளையும் ஊசிப் பெட்டியையும் வைத்திருக்கிறேன். யாரும் உட்காருவதில்லை.

இன்று பஸ்ஸில் அந்த வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஏழு சிலுவைக் குறி. ஏழு வாங்கு. துரைசாணிக்காகக் குறித்திருக்கிறாய் என்று முதலில் நினைத்தேன். வெள்ளவத்தையைத் தாண்டி, தெஹிவளைப் பாலம் வந்தபோதுதான் அது எனக்குள் ஏறியது. சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு வாங்கு எதற்கு?

இறங்கினேன். பூட்டியிருந்த ஒரு கடையின் தாழ்வாரத்தில், சாரிப் பொதியைக் காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு, அந்த வீடியோவைத் திறந்தேன்.

உன் முகம் அதில் இல்லை. போனை முன்பக்கமாகப் பிடித்திருக்கிறாய். சுழன்று சுழன்று ஏறுகிற கற்படி. சுவரோரம் பிடித்து ஏற ஒரு தடித்த கயிறு. அதில் உன் கை. "இன்னைக்குத் துரைசாணியோட மக வந்திருக்கா. நான் தனியா வந்துட்டேன்டி. நீதான் வர ஏலாதுன்னு ஆயிருச்சே. அப்புறம் சத்தியம் எதுக்கு? நானே ஏறிக் காட்டுறேன். எண்ணிக்க." ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டு ஏறுகிறாய். பன்னிரண்டுக்குப் பிறகு எண்ணுவது மெதுவாகிறது. பத்தொன்பதில் நிற்கிறாய்.

"இரு, இதுல என்னமோ எழுதியிருக்கு. படிச்சிட்டுப் போவோம்" என்கிறாய்.

போன் சுவரைக் காட்டிக்கொண்டிருக்கிறது. வெறும் கல். ஓரிடத்தில் பாசி. எதுவும் எழுதியிருக்கவில்லை.

அப்போது கேட்டது, அக்கா. மழைச் சத்தத்திலும், பஸ் சத்தத்திலும் கேட்டது. ஈரத் துணி கிழிகிற சத்தம்.

ஒன்பது நாள் அது என் போனில் இருந்தது. அந்தச் சத்தம் என்னவென்று தெரிந்த ஒரே ஆளின் போனில். துரைசாணிக்குத் தெரியாது, உன்னோடு வேலை செய்தவளுக்குத் தெரியாது, அம்மாவுக்குத் தெரியாது. நான் திறந்திருந்தால் முதல் மூச்சிலேயே தெரிந்திருக்கும். உடனே எடுத்திருப்பேன். கத்தியிருப்பேன். ஆஸ்பத்திரிக்குப் போ என்று அழுதிருப்பேன். ஒன்பது நாள் என்பது எவ்வளவு பெரிய நேரம்.

நாற்பத்தொன்றில் நீ உட்கார்ந்துவிட்டாய். உன் முழங்கால்கள் தெரிகின்றன. போனை மேலே தூக்கிக் காட்டுகிறாய். படி இன்னொரு தரம் சுழன்று போகிறது. அந்தச் சுழற்சியின் ஓரத்தில் கொஞ்சம் வெள்ளை வெளிச்சம்.

"மேல வெளிச்சம் தெரியுது பாரு. இன்னும் கொஞ்சந்தான்னு நெனைக்கிறேன்." மூச்சு. "கோவிச்சுக்காதடி. அந்தக் கடிதாசி போனாப் போவுது. நீ பயந்திருப்பே, எனக்குத் தெரியாதா?" மூச்சு. "நான் இங்கயே ஒக்காந்திருக்கேன். ஒரு வார்த்தை எழுது. ஏறச் சொன்னா ஏறுறேன். எறங்கச் சொன்னா எறங்கிர்றேன்."

அதோடு வீடியோ முடிகிறது.

நீ எவ்வளவு நேரம் அங்கே உட்கார்ந்திருந்தாய் என்று எனக்குத் தெரியாது. மிச்சப் படிகள் எத்தனை என்றும் தெரியாது. நீ கடைசியில் ஏறினாயா, இறங்கினாயா, அதுவும் தெரியாது. அந்தக் கல்லில் குளிராக இருந்திருக்கும். ஒவ்வொரு தடவை போன் வெளிச்சம் வந்தபோதும் நான்தான் என்று பார்த்திருப்பாய்.

சாரிகளில் இரண்டு நனைந்துவிட்டன. கடைக்கார அக்கா ஏசினார்.

பத்து வருஷம் முடிகிறபோது எனக்கு இருபத்தெட்டு வயதாகியிருக்கும். நீ இருபத்தாறில் நின்றுவிட்டாய். அன்றைக்கு நான் உனக்கு மூத்தவளாக அந்த நாட்டுக்குப் போகலாம். போகமாட்டேன். இருபத்துமூன்று மேல்மாடியும் அங்கேயே இருக்கட்டும். உன் கடிதம் இன்னும் என் கைப்பையில்தான் இருக்கிறது. மடிப்பில் கிழியத் தொடங்கிவிட்டது. எடுத்து வேறு எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை.

நீ கேட்ட அந்த ஒரு வார்த்தை இன்று முழுவதும் என் வாய்க்குள் இருக்கிறது. பஸ்ஸில் இருந்தது, கடையில் இருந்தது, கோட்டைக் கழற்றிக் கொடியில் போடும்போது இருந்தது. சோறு போட்ட அம்மா "என்னாடி முணுமுணுக்கிற?" என்று கேட்டார்.

எறங்கு அக்கா. கயித்தப் புடிச்சிக்கிட்டு மெதுவா எறங்கு.